ஊர் சொல்லும் செக்ஷனும் எஃப்.ஐ.ஆரில் இருக்கும் செக்ஷனும்

வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களையும் எடுத்துவிட்டேன். படித்தபோது ஒரு விஷயம் வருத்தமாக இருந்தது: எழுதியவர்களில் ஒருவர்கூடத் தங்கள் வழக்கின் எஃப்.ஐ.ஆரையோ குற்றப்பத்திரிகையையோ கையில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. டீக்கடையில் கேட்டது, ஏட்டு சொன்னது, மச்சான் சொன்னது, இவற்றை வைத்துத்தான் பயந்துபோயிருக்கிறார்கள்.

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். நாங்கள் நாட்டுப்படகு வைத்துப் பிழைக்கிறவர்கள். போன வாரம் விசைப்படகுக்காரர்கள் எங்கள் வலையை அறுத்துப் போட்டதில் கரைக்கு வந்ததும் தகராறாகி, என் தம்பி ஒருவரைத் துடுப்பால் அடித்துவிட்டான். அவருக்குத் தலையில் தையல் போட்டிருக்கிறது. எங்கள் பக்கத்திலும் இரண்டு பேருக்கு அடி. தம்பி மேல் 307 போட்டுவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்புகிறார்கள். அவனைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நாங்கள் கொடுக்கும் புகாரை வாங்க மறுக்கிறார்கள். என்ன செய்ய?
(தொண்டி அருகே ஒரு கடற்கரை ஊர்)

பதில்: முதலில் அந்த எஃப்.ஐ.ஆர் நகலை வாங்குங்கள். 307 என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் எண். 2024 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து நடக்கும் குற்றங்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும், அதில் கொலை முயற்சி 109-வது பிரிவு. ஆக, 307 போட்டுவிட்டார்கள் என்று உங்களிடம் சொன்னவர் எஃப்.ஐ.ஆரைப் பார்த்துச் சொல்லவில்லை என்பது நிச்சயம். நகலைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், காவல் நிலையம், எண் கொடுத்துப் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருக்கிறது. அங்கே கிடைக்காவிட்டால், உங்கள் பக்கத்து வழக்குகள் போகும் திருவாடானை கோர்ட்டில் வக்கீல் மூலம் நகல் மனு போடுங்கள்.

நகலில் அநேகமாக நீங்கள் பார்க்கப்போவது 296(பி), 115(2), 118(1), 351(3) என்கிற வரிசையாக இருக்கும். பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் அடித்தது, மிரட்டியது என்று பொருள். இதில் 115(2)-க்கு அதிகபட்சம் ஒரு வருஷம், ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும் பிரிவு அது. 118(1)-க்கு மூன்று வருஷம் வரை. ஆனால் அடிபட்டவருக்கு எலும்பு முறிந்திருந்தால் அது கொடுங்காயமாகி 118(2)-க்குப் போய்விடும், அதற்கு ஆயுள் வரை தண்டனை உண்டு. தையல் போட்டதாலேயே அது கொடுங்காயம் ஆகிவிடாது. மண்டையோட்டில் விரிசல் உண்டா இல்லையா என்று ஸ்கேன் ரிப்போர்ட்டும் டாக்டரின் காயச் சான்றிதழும் என்ன சொல்கின்றன என்பதில்தான் உங்கள் தம்பியின் நிலைமை இருக்கிறது. 109 போட வேண்டுமென்றால் கொல்லும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். வலை அறுந்த ஆத்திரத்தில் கையில் கிடைத்த துடுப்பை எடுத்ததற்கும், திட்டம் போட்டு வெட்டியதற்கும் உள்ள வித்தியாசத்தை நீதிமன்றங்கள் பார்க்கத்தான் செய்கின்றன.

அடுத்து கைது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே கைது செய்யக் கூடாது, கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து வரவழைக்க வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அந்த நோட்டீஸ் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-ன் கீழ் வரும். ஆள் விட்டுக் கூப்பிடுவது அந்த நோட்டீஸ் ஆகாது, எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் வக்கீலைக் கூட்டிக்கொண்டு கட்டாயம் போங்கள், போகாமலிருந்தால் அதையே காரணமாக வைத்துக் கைது செய்யலாம். எஃப்.ஐ.ஆரில் 109-ஓ 118(2)-ஓ இருந்தால் மட்டும் தாமதிக்காமல் ராமநாதபுரம் மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் முன்ஜாமீன் மனு போடுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இருக்கிறது. தம்பியைச் சொந்தக்காரர் வீட்டில் வைத்திருப்பது அவனுக்கு நல்லதில்லை. நாள் போகப் போக 'தலைமறைவு' என்று எழுதிவிடுவார்கள், ஜாமீன் விசாரணையில் அரசு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.

ஒருவேளை கைதானால், காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் "அடித்தார்களா, ஏதாவது சொல்ல வேண்டுமா" என்று கேட்கும்போது வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லச் சொல்லுங்கள், பல பையன்கள் அங்கேதான் பயந்து தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, வெற்றுத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் போட வேண்டாம். போலீசிடம் ஒப்புக்கொண்டது சாட்சியமாகாது. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: அவன் சொன்னதை வைத்துத் துடுப்பை இன்ன இடத்திலிருந்து எடுத்தோம் என்று காட்டினால், சொன்னதில் அந்தப் பகுதி மட்டும் வழக்கில் வரும்.

இன்னொன்று, இது நம் கடற்கரையில் அடிக்கடி நடக்கிறது. ஊர்க்கூட்டத்தில் சமாதானம் பேசும்போது, தப்பு எங்களுடையதுதான், இவ்வளவு ரூபாய் கட்டுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். போலீசிடம் சொன்னதற்கு உள்ள பாதுகாப்பு ஊர்த்தலைவரிடம் எழுதிக் கொடுத்ததற்குக் கிடையாது. சமாதானம் முறிந்தால் அந்தத் தாள் கோர்ட்டுக்கு வரும். சமாதானம் பேசுங்கள், நல்லதுதான், வலை அறுத்த நஷ்டத்தையும் சேர்த்தே பேசுங்கள், ஆனால் எழுதும் வாசகத்தை வக்கீல் பார்த்த பிறகு போடுங்கள். 115(2) மாதிரிச் சின்னப் பிரிவு என்றால் அடிபட்டவர் சம்மதித்து மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிக்கலாம். ஆயுதப் பிரிவு வந்துவிட்டால், இரு தரப்பும் சேர்ந்து மதுரைக் கிளைக்குப் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டியிருக்கும்.

உங்கள் பக்கத்துப் புகாரை விட்டுவிடாதீர்கள். அடிபட்ட இருவரும் அரசு மருத்துவமனைக்குப் போய் யார், எதால், எங்கே அடித்தார்கள் என்று டாக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறும், அந்த ஏ.ஆர். காப்பி பிற்பாடு உங்களுக்குத் தேவைப்படும். 'கீழே விழுந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு வந்தால் அப்புறம் யாராலும் சரிசெய்ய முடியாது. அறுந்த வலையைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். புகாரை வாங்க மறுத்தால் அதே நடைமுறைச் சட்டத்தின் 173(4)-ன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டு வழக்குப் பதியச் சொல்லி உத்தரவு வாங்கலாம்.

கேள்வி: அடிதடி கேஸ் ஒன்றில் ஜாமீனில் இருந்தேன். தடைக்காலத்தில் கேரளாவுக்கு வேலைக்குப் போனதால் இரண்டு வாய்தாவுக்கு வர முடியவில்லை. இப்போது வாரண்ட் என்கிறார்கள். ஊருக்கு வந்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்களா? கூட இருந்தவர்கள் 'ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டு வா' என்கிறார்கள்.
(ஏர்வாடி பக்கம்)

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போக முடியாது, வேலை தேடி வெளியே போகத்தான் வேண்டும், அது கோர்ட்டுக்கும் புரியும். போகும் முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று நேரில் வராமலிருக்க விலக்குக் கேட்கும் '317 மனு' போட்டிருப்பார். புதிய சட்டத்தில் அது 355, ஆனால் கோர்ட்டில் இன்னும் 317 என்றே சொல்கிறார்கள். இப்போது செய்ய வேண்டியது: நீங்களே காலையில் கோர்ட் கூடும் முன் வக்கீலோடு போய் ஆஜராகி, வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்டு ரீகால் மனு போடுவது. வேலை செய்த இடத்தின் சான்று, ரயில் டிக்கெட், எது இருந்தாலும் கொண்டு போங்கள். தானாக வந்து நிற்கிறவரையும் போலீஸ் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துகிறவரையும் எந்த நீதிபதியும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. தள்ளிப் போடாதீர்கள், ஜாமீனில் இருப்பவர் காரணமில்லாமல் ஆஜராகாமல் இருப்பது தனிக் குற்றம், உங்களுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கும் நோட்டீஸ் போகும்.

ஃபைன் கட்டுவது பற்றி: குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் ஐந்நூறு ரூபாயும் தண்டனைதான், பதிவில் நிற்கும். அரசு வேலை, பாஸ்போர்ட், கப்பல் வேலை என்று போகும்போது முன்னால் வரும். உண்மையிலேயே செய்தீர்கள், சின்னப் பிரிவுதான் என்றால் அது உங்கள் முடிவு. செய்யாததை, அலைச்சலுக்குப் பயந்து ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அம்மா, என் வீட்டுக்காரர் கூலிக்குக் கடல் அட்டை அவிக்கப் போனவர். வனத்துறையினர் பிடித்து ரிமாண்ட் ஆகிவிட்டது. கொட்டகைக்காரர் ஆளையே காணோம். அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று ஒருவர் பணம் கேட்கிறார். இரண்டு பிள்ளைகள். வக்கீல் வைக்க வழியில்லை.
(மண்டபம் அருகே)

பதில்: தங்கச்சி, அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கடல் அட்டை 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. குறைந்தபட்சம் மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் தண்டனை. குறைந்தபட்சத் தண்டனை வைத்திருக்கும் குற்றத்தை அபராதம் கட்டி முடித்துக்கொள்ள அந்தச் சட்டத்திலேயே வழியில்லை. பணம் கொடுத்தால் பணம்தான் போகும்.

இனி வக்கீல். உங்கள் கணவர் காவலில் இருக்கிறார், அது ஒன்றே போதும். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், வெள்ளைத் தாளில் கணவர் பெயர், எந்தச் சிறை, என்ன வழக்கு என்று எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாவிட்டால் அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள். பேருந்துக்குக் காசில்லை என்றால் 15100-க்கு போன் செய்யுங்கள். கணவர் சிறை அதிகாரியிடம் சொன்னாலும், அடுத்த முறை மாஜிஸ்திரேட்டிடம் "எனக்கு வக்கீல் இல்லை" என்று வாய்விட்டுச் சொன்னாலும் ஏற்பாடு செய்ய வேண்டியது அவர்கள் கடமை. மனுச் செலவு, நகல் செலவு எல்லாமே இலவசம். நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் பணம் கேட்டால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள், செயலாளராக இருப்பவரே ஒரு நீதிபதி. இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்று நடத்துவார் என்று இந்தக் கரையெங்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. நான் பார்த்தவரை அது நியாயமான பேச்சு இல்லை, அவர்களில் பலர் மிக உழைத்து ஜாமீன் வாங்கித் தருகிறவர்கள்.

அந்த வக்கீலிடம் நீங்கள் மறக்காமல் சொல்ல வேண்டியவை: கொட்டகை யாருடையது, கூலி யார் கொடுத்தார், அவர் போன் நம்பர், எத்தனை நாளாக வேலைக்குப் போனார். இது ஏன் முக்கியம் என்றால், பொருள் ஒருவர் கைவசம் இருந்தது என்று காட்டிவிட்டால் அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பை இந்தச் சட்டம் அவர் தலையிலேயே வைத்துவிடுகிறது. ஆகவே சரக்கு உங்கள் கணவர் கைவசம் இருந்ததா, முதலாளி கைவசம் இருந்ததா என்பதுதான் வாதமே. பிடிபட்டது எவ்வளவு, எந்த இனம் என்று நிபுணர் சான்று இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் வனத்துறையில் எதிலாவது கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். வனத்துறை அதிகாரி போலீஸ் அதிகாரி அல்ல, போலீசிடம் சொன்னது செல்லாது என்ற பாதுகாப்பு அங்கே அப்படியே கிடைக்காது, இது தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள். ரிமாண்ட் ஆன தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். பத்து வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் 60 நாளுக்குள் வழக்குத் தாக்கல் ஆகவில்லை என்றால் ஜாமீன் கேட்கும் உரிமை வருகிறது. அந்த நாளில் மனு தயாராக இருக்க வேண்டும், தாக்கல் ஆன பிறகு கேட்டால் அந்த உரிமை போய்விடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வலையில் தானாக ஏறியதாக இருந்தாலும் அட்டையைக் கரைக்குக் கொண்டு வராதீர்கள், உயிரோடு கடலிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: 2018-ல் பேருந்து நிலையத்தில் நடந்த கைகலப்பில் என் பெயரையும் சேர்த்து 294(பி), 323, 506(1) என்று எஃப்.ஐ.ஆர் போட்டார்கள். அதன்பின் சம்மனே வரவில்லை. இப்போது வளைகுடா வேலைக்காகப் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனால் கேஸ் இருக்கிறது என்று நிற்கிறது. பயணம் போக முடியாதா?
(கீழக்கரை)

பதில்: எஃப்.ஐ.ஆர் என்ன ஆனது என்று முதலில் தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: குற்றப்பத்திரிகை போட்டு, கோர்ட்டில் சி.சி. எண் என்கிற வழக்கு எண் விழுந்திருக்கும், அல்லது மேல்நடவடிக்கை கைவிடப்பட்டிருக்கும், அல்லது அப்படியே கிடக்கும். இ-கோர்ட்ஸ் செயலியில் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர் எண், வருஷம் கொடுத்துத் தேடுங்கள். கோர்ட்டில் எண் இல்லை என்றால் உங்களுக்கு நல்ல செய்தி. நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்கும் வரை வெறும் எஃப்.ஐ.ஆரை 'நிலுவையில் உள்ள வழக்கு' என்று சொல்லிப் பாஸ்போர்ட்டை மறுக்க முடியாது என்று உயர் நீதிமன்றங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. அதோடு, 2018-ல் நடந்தது என்பதால் பழைய சட்டமே பொருந்தும், உங்கள் பிரிவுகளில் பெரியது 506(1), இரண்டு வருஷம்தான். மூன்று வருஷம் வரை தண்டனை உள்ள குற்றத்தை நீதிமன்றம் மூன்று வருஷத்துக்குள் எடுக்க வேண்டும் என்று காலவரம்பு இருக்கிறது. கோவிட் காலத்துக்குக் கொடுத்த விலக்கைக் கழித்தாலும் அது முடிந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டுதான், ஆனால் காரணம் வேண்டும். இதை வைத்து மதுரைக் கிளையில் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கலாம். எஃப்.ஐ.ஆரில் 506(1) தானா, 506(2)-ஆ என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். 506(2) என்றால் ஏழு வருஷம், அதற்கு இந்தக் காலவரம்பு கிடையாது, பதில் முழுவதும் மாறிவிடும்.

குற்றப்பத்திரிகை போட்டிருந்தாலும் பயணம் அடைபட்டுவிடவில்லை. 1993-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் கோர்ட்டில் வெளிநாடு செல்ல அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால் பாஸ்போர்ட் தர வேண்டும், உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் ஒரு வருஷத்துக்குத் தருவார்கள். ஆகவே மனுவிலேயே இத்தனை வருஷம் என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் வழக்கை மறைத்து மட்டும் எழுதிவிடாதீர்கள், அது தனியாக ஒரு குற்றம்.

கேள்வி: என் மகன் விசைப்படகில் கூலிக்குப் போனவன். எல்லை தாண்டியதாக இலங்கை நேவி பிடித்து யாழ்ப்பாணம் சிறையில் இருக்கிறான். இங்கே வக்கீல் வைத்தால் எடுத்துவிடலாமா?
(பாம்பன்)

பதில்: அம்மா, உங்கள் நிலைமை புரிகிறது, அதனால் உள்ளதை அப்படியே சொல்கிறேன். அந்த வழக்கு அவர்கள் நாட்டுச் சட்டத்தில், அவர்கள் நீதிமன்றத்தில் நடப்பது. வெளிநாட்டு மீன்பிடிப் படகுகளுக்கென்று 1979-ல் போட்ட சட்டத்தை 2018-ல் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். இங்குள்ள வக்கீல் அங்கே போய் வாதாட முடியாது. இங்கே வக்கீல் வைக்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, கைதானவரைப் பார்க்கவும் வக்கீல் ஏற்பாட்டுக்கு உதவவும் 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி அவர்களுக்கு உரிமை உண்டு. மகனின் மீனவர் அடையாள அட்டை, ஆதார் நகல், படகின் பதிவு எண், அன்று கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுத்த டோக்கன் விவரம் எல்லாவற்றையும் சேர்த்து மீன்வளத்துறை உதவி இயக்குநரிடமும் கலெக்டரிடமும் எழுத்தில் கொடுங்கள். படகு ஓனரையும் மீனவர் சங்கத்தையும் விடாதீர்கள், கூலிக்குப் போனவன் வழக்குக்கு ஓனர் முன்னால் நிற்க வேண்டும்.

மகன் முதல் முறை மாட்டியவன் என்றால் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு அனுப்பிவிடுவது அங்கே பெரும்பாலும் நடப்பது. படகோட்டிகளுக்கும் இரண்டாம் முறை பிடிபடுகிறவர்களுக்கும் அந்தச் சலுகை இல்லை. 2024 பிப்ரவரியில் சிலருக்குச் சிறை கொடுத்ததற்குத்தான் ராமேசுவரத்தில் வேலைநிறுத்தமே நடந்தது. விடுதலையானவர்கள் 'ஒன்றுமில்லை, விட்டுவிட்டார்கள்' என்று நினைத்துவிடுகிறார்கள். ஒத்திவைத்த தண்டனை அந்தக் காலம் முடியும் வரை உயிரோடு இருக்கும், மறுபடி பிடிபட்டால் பழையதும் சேர்ந்து வரும். மகன் திரும்பி வந்ததும் அந்தத் தீர்ப்பில் எத்தனை வருஷம் என்று எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப எந்தப் படகில் அனுப்புவது என்று முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் வக்கீல் போனையே எடுப்பதில்லை. மாற்றலாமா? மீதிப் பணம் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார்.
(ராமநாதபுரம்)

பதில்: மாற்றலாம், அது உங்கள் உரிமை. பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று வக்காலத்தில் எழுதி வாங்க வேண்டும், தராவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதியோடு மாற்றிக்கொள்ளலாம். பணம் பாக்கி என்பதற்காகக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே தீர்ப்பளித்துவிட்டது. பாக்கி நியாயமானது என்றால் கொடுத்துவிடுங்கள், ஆனால் இரண்டையும் முடிச்சுப் போட அவரால் முடியாது. அடுத்த வாய்தா தேதிக்கு முன் புதிய வக்காலத்து தாக்கலாகிவிட வேண்டும். கட்டு கிடைக்கத் தாமதமானால், குற்றப்பத்திரிகையையும் சாட்சி வாக்குமூலங்களையும் கோர்ட்டிலிருந்தே நகல் எடுத்துப் புதியவரிடம் கொடுங்கள்.